22 வருடம் தாய்லாந்தில் வேலை. ஓய்வுக்குப் பிறகு எந்த விசா?

கடிதம் நாலு பக்கம். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

எழுதியவர் விருதுநகர் மாவட்டத்துக்காரர், வயது 59. பாங்காக்கிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள நூற்பாலையில் 22 வருட வேலை, இப்போது பராமரிப்புப் பிரிவு மேலாளர், சம்பளம் மாதம் 1,20,000 பாட். இன்னும் ஐந்து மாதத்தில் அறுபது முடிகிறது, கம்பெனி ஓய்வு கொடுக்கிறது. மனைவிக்கு 57. மாமியாரைக் கவனித்துக்கொள்ள இத்தனை வருடமும் ஊரிலேயே இருந்தவர், போன வருடம் மாமியார் தவறிவிட்டார். பையன் புனேயில், பெண் கோயம்புத்தூரில். இவருக்கு இரண்டு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், மனைவிக்குச் சர்க்கரை. கையிருப்பு தாய்லாந்து வங்கியில் 5.2 லட்சம் பாட், ஊரில் என்.ஆர்.இ. எனும் வெளிநாடு வாழ் இந்தியர் கணக்கில் 38 லட்சம் ரூபாய், ஒரு மாடி வீடு, மாடியிலிருந்து வாடகை 22,000 ரூபாய். "இந்த ஊர் பழகிவிட்டது வக்கீலம்மா, மனைவியை இங்கே கூட்டிவந்து கடைசிக் காலத்தைக் கழிக்கலாம் என்று பார்க்கிறேன். எந்த விசா அதிக வருடம் தரும்? ஊர் வீட்டை விற்றுப் பிரிவிலேஜ் அட்டை வாங்கிவிடலாமா? பையன் டி.டி.வி. என்கிறான். நண்பர் ஒருவர் 35,000 பாட்டுக்கு ஏஜென்ட் எல்லாம் முடித்துத் தருவார், பணமே காட்ட வேண்டாம் என்கிறார். மனைவியோ மலேசியா என்றால் தமிழ் பேசலாமே என்கிறாள்" என்று கேட்டிருக்கிறார்.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி: "எச்.ஆரில் ஒரு தாய் மொழிக் கடிதத்தைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள், சும்மா ஃபார்மாலிட்டிதானாம், ராஜினாமா மாதிரி."

சார், விசாவைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தக் கடிதம்.

கையெழுத்துப் போடாதீர்கள்

தாய் மொழியில் ராஜினாமாக் கடிதத்துக்கு 'பை லா ஓக்' என்று பெயர். 22 வருடம் அங்கே இருந்த உங்களுக்குப் பேச்சு வரும், எழுத்து வராது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தாளின் தலைப்பில் அந்த வார்த்தை இருந்தால், நீங்களாக வேலையை விட்டுப் போகிறீர்கள் என்று அர்த்தம். நீங்களாகப் போனால் சட்டப்படியான ஈட்டுத்தொகை கிடையாது.

வெளிநாட்டுக்காரனுக்கு இதெல்லாம் கிடைக்காது என்று நினைத்திருப்பீர்கள், கடிதம் முழுக்க இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாய்லாந்துத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் பாஸ்போர்ட்டின் நிறத்தைப் பார்ப்பதில்லை. 2017-ல் வந்த திருத்தப்படி, வயதாகி ஓய்வு பெறுவதும் பணிநீக்கமாகவே கணக்கு. அதற்கும் ஈட்டுத்தொகை உண்டு. 2019 திருத்தத்தில், 20 வருடம் முடித்தவர்களுக்கு அது 400 நாள் சம்பளமாக உயர்ந்தது. மாதம் 1,20,000 என்றால் நாளுக்கு 4,000 பாட். நானூறு நாளுக்குப் பதினாறு லட்சம் பாட். வரி போகக் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வருடா வருடம் ஒப்பந்தம் புதுப்பித்தோம், அதனால் ஒரு வருடம்தான் கணக்கு என்று யாராவது சொன்னால் அதுவும் நிற்காது. இந்த உரிமையைத் தவிர்க்கத் துண்டு துண்டாகப் போட்ட ஒப்பந்தங்களைச் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

கம்பெனி உங்களை ஏமாற்றப் பார்க்கிறது என்று நான் சொல்லவில்லை. எச்.ஆரில் இருக்கும் பெண் பழைய படிவத்தை எடுத்து நீட்டியிருக்கலாம். சண்டைக்குப் போகாமல், "எனக்கு ஓய்வுக் கடிதம் வேண்டும், வயது முதிர்வு காரணம் என்றும் கடைசி வேலை நாள் எது என்றும் அதில் இருக்கட்டும்" என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் உங்கள் மாகாணத்தில் உள்ள தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. ஈட்டுத்தொகையைத் தாமதித்தால் வருடம் 15 சதவீத வட்டியும் சேரும் என்பது கம்பெனிக்குத் தெரிந்திருக்கும்.

இதை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் புதிதாக ஒரு நாட்டுக்குள் நுழைகிற ஆளைப் போல, எதை விற்று எந்த விசாவை வாங்கலாம் என்று தேடுகிறீர்கள். உங்களுக்கு வேண்டிய பணமும் வழியும் நீங்கள் 22 வருடம் உழைத்த இடத்திலேயே இருக்கின்றன.

கடிதத்தில் உள்ள ஐந்து பெயர்கள்

பிரிவிலேஜ் அட்டை, அதாவது கட்டணம் கட்டிப் பல வருடம் தங்க வாங்கும் உறுப்பினர் அட்டை. அடிப்படை வகையான ஐந்தாண்டு வெண்கல அட்டை 6,50,000 பாட்டுக்கு அறிமுகமானது, அதற்கு மேல் தங்க அட்டை 9,00,000. "எட்டு லட்சத்தை வங்கியில் முடக்குவதற்குப் பதில் ஆறரை லட்சத்தில் முடிகிறதே" என்று எழுதியிருக்கிறீர்கள். சார், ஓய்வு அனுமதிக்காக வங்கியில் போட்டுக் காட்டும் எட்டு லட்சம் உங்கள் பணம், நாளைக்கு மூட்டை கட்டும்போது திரும்பி வரும். அட்டைக்குக் கொடுப்பது கட்டணம், போனது போனதுதான். மனைவிக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். ஊரில் பத்துத் தறி ஓடினாலும் நான் இதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

எல்.டி.ஆர். எனும் பத்தாண்டு விசா நல்ல விசா, சந்தேகமே இல்லை. 90 நாளுக்கு ஒருமுறை முகவரி சொல்லும் வேலை வருடத்துக்கு ஒருமுறையாகிறது, வெளிநாட்டு வருமானத்துக்கு வரிச் சலுகையும் உண்டு. ஆனால் ஓய்வூதியர் பிரிவில் நுழைய, உழைக்காமல் வரும் வருமானம் வருடத்துக்கு 80,000 டாலர் வேண்டும். அதில் பாதிதான் இருக்கிறது என்றால் 2,50,000 டாலரைத் தாய்லாந்தில் முதலீடு செய்ய வேண்டும். நமக்கு இல்லை, விடுங்கள்.

டி.டி.வி. எனும் 'டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா' 2024 ஜூலையில் வந்தது. ஐந்து வருடம் செல்லும், ஒரு நுழைவுக்கு 180 நாள், வங்கியில் 5 லட்சம் பாட் காட்டினால் போதும் என்பதால் உங்கள் பையன் சொல்வதில் கவர்ச்சி இருக்கிறது. ஆனால் அது லேப்டாப்பில் வேறு நாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்ப்பவர்களுக்கும், முவாய் தாய் குத்துச்சண்டை, தாய் சமையல் என்று பயிற்சிக்கு வருபவர்களுக்கும் போட்ட விசா. ஸ்டென்ட் வைத்த பிறகு நீங்கள் முவாய் தாய் கற்கப் போவதில்லை. ஓய்வு பெற்றவர் என்று உண்மையைச் சொல்ல முடிகிற விசா கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது, பொய்க் காரணம் எழுத வேண்டியதில்லை.

ஓ-ஏ, நான்-ஓ இரண்டையும் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். நிறையப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். நான்-ஓ வழி தாய்லாந்தில் இருந்தபடியே ஓய்வு அடிப்படையில் நீட்டித்துக்கொள்வது, அதைக் கீழே சொல்கிறேன். ஓ-ஏ என்பது ஊரிலிருந்து, தாய்த் தூதரகம் வழியாக வாங்கி வருவது. போலீஸ் சான்று, மருத்துவச் சான்று, கூடவே 30 லட்சம் பாட் அளவுக்கு மருத்துவக் காப்பீடு. அந்தக் காப்பீட்டை நீட்டிப்பின்போதும் கேட்பார்கள். ஸ்டென்ட் வைத்த அறுபது வயதுக்காரருக்கு அப்படியொரு பாலிசி கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் இதயத்தை ஒதுக்கிவிட்டு மற்றதற்குத்தான் தருவார்கள். உங்களுக்கு எது வரக்கூடும் என்று பயப்படுகிறோமோ அதற்குப் பயன்படாத பாலிசிக்கு வருடா வருடம் பிரீமியம் கட்டுவதா?

மலேசியா. உங்கள் வீட்டம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, பினாங்கில் தமிழிலேயே காய்கறி வாங்கலாம். ஆனால் 2024 ஜூனில் அவர்களுடைய இரண்டாம் இல்லத் திட்டத்தின் விதிகள் மாறிவிட்டன. வெள்ளிப் பிரிவுக்கே 1,50,000 டாலர் வைப்பு, அதோடு 6 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாமல் ஒரு வீடு வாங்கியாக வேண்டும். சிறப்புப் பொருளாதார மண்டலப் பிரிவில் 50 வயது தாண்டியவர்களுக்கு வைப்பு 32,000 டாலர்தான், ஆனால் வீடு அந்த மண்டலத்துக்குள் வாங்க வேண்டும். ஜொகூரில் கடலைத் தூர்த்துக் கட்டிய ஊரில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல் உங்கள் மனைவி என்ன செய்வார்?

உங்களுக்கு ஒத்துவருவது

இப்போது நீங்கள் இருப்பது நான்-பி விசாவில், வேலையை வைத்து வருடா வருடம் நீட்டிப்பு. இதை ஓய்வு அடிப்படையிலான நீட்டிப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். ஊரில் பேச்சுவழக்கில் 'ரிட்டயர்மென்ட் விசா' என்று சொல்வது இதைத்தான். கட்டணம் 1,900 பாட், காப்பீடு கேட்பதில்லை. நாட்டை விட்டு வெளியேறாமலே செய்ய முடியும். ஒவ்வொரு வருடமும் போய் நிற்க வேண்டும், நிரந்தரம் இல்லை என்பதுதான் குறை. "ரிட்டயர்மென்ட் விசா கிடைத்துவிட்டால் கவலை இல்லை" என்று நீங்கள் எழுதிய வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அது ஒரு வருட அனுமதி, அடுத்த வருடத்துக்கு மறுபடி கேட்க வேண்டும்.

பணக் கணக்கு இப்படி. உங்கள் பெயரில் மட்டும் உள்ள தாய்லாந்து வங்கிக் கணக்கில் எட்டு லட்சம் பாட், விண்ணப்பிக்கும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே இருக்க வேண்டும். அனுமதி கிடைத்த பிறகு மூன்று மாதம் அதைத் தொடக் கூடாது. அப்புறம் நாலு லட்சத்துக்குக் கீழே இறங்காமல் எடுத்துச் செலவழிக்கலாம், அடுத்த விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பு மறுபடி எட்டு லட்சமாக்கிவிட வேண்டும். மாதம் 65,000 பாட் வருமானம் காட்டும் வழியும், இரண்டையும் கலந்து காட்டும் வழியும் சட்டத்தில் உண்டு, ஆனால் அதற்குத் தூதரகக் கடிதம், மாதந்தோறும் வெளிநாட்டிலிருந்து பணம் வந்த பதிவு என்று இழுக்கும். உங்கள் 22,000 ரூபாய் வாடகையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஈட்டுத்தொகை கடைசி நாளில்தான் கைக்கு வரும், வங்கியிலோ இரண்டு மாதம் முன்பே பணம் வேண்டும். அதனால் 5.2 லட்சத்தோடு சேர்க்க வேண்டிய சுமார் மூன்று லட்சம் பாட்டை இப்போதே என்.ஆர்.இ. கணக்கிலிருந்து அனுப்பிவிடுங்கள். என்.ஆர்.இ. பணத்தை வெளியே கொண்டுபோகத் தடை இல்லை. 2024 ஜனவரியிலிருந்து தாய்லாந்தில் வருடத்துக்கு 180 நாள் இருப்பவர்கள், அந்த ஜனவரியிலிருந்து வெளிநாட்டில் ஈட்டிய வருமானத்தை உள்ளே கொண்டுவந்தால் வரிக் கணக்கில் காட்ட வேண்டும். உங்கள் என்.ஆர்.இ. பணத்தில் பெரும்பகுதி தாய்லாந்திலேயே வரி கட்டிய சம்பளம், அது பழைய சேமிப்பும்கூட. அதற்கு ஆதாரமாக 2023 டிசம்பர் 31 தேதியிட்ட வங்கி அறிக்கை ஒன்றை எடுத்து, ஊருக்குப் பணம் அனுப்பிய பழைய ரசீதுகளோடு ஒரே கவரில் போட்டு வையுங்கள். வாடகைப் பணத்தை ஊரிலேயே விட்டுவிடுங்கள். உங்கள் வாடகைதாரர், வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பவர் என்பதால் வரி பிடித்தம் செய்துதான் வாடகை தர வேண்டும். செய்கிறாரா என்று நீங்கள் சொல்லவில்லை, செய்யவில்லை என்றே நினைக்கிறேன். ஒரு ஆடிட்டரைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

கவனமாக இருக்க வேண்டிய ஒரு நாள் உண்டு. வேலை முடிகிற நாளோடு வேலை அடிப்படையிலான தங்கும் அனுமதியும் முடிகிறது, முத்திரையில் இன்னும் நாலு மாதம் மிச்சம் இருந்தாலும் சரி. பாஸ்போர்ட்டில் உள்ள தேதியைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் மாட்டியிருக்கிறார்கள். கிளம்பத் தயாராக ஏழு நாள் கேட்டு வாங்கலாம், அது வேறு. கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே உங்கள் மாகாணக் குடிவரவு அலுவலகத்துக்குப் போய், எந்தத் தேதியில் எந்தக் காகிதத்தோடு வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்கு அலுவலகம் வழக்கம் கொஞ்சம் மாறும்.

35,000 பாட் ஏஜென்ட்

இந்த ஏஜென்ட் செய்வது என்ன என்று உங்கள் நண்பருக்கே தெரியுமா? உங்கள் பெயரில் கணக்குத் திறந்து, ஒரு நாளைக்குப் பணத்தைப் போட்டு, காட்டிவிட்டு எடுத்துக்கொள்வார்கள். இரண்டு மாத விதி எப்படி மறைந்தது என்பதற்கு விடை, 35,000-ல் ஒரு பங்கு எங்கே போகிறது என்பதில் இருக்கிறது. பல சமயம் முத்திரை நீங்கள் குடியிருக்காத மாகாணத்திலிருந்து வரும். அடுத்த வருடம் அந்த அலுவலகத்தில் அதிகாரி மாறினால் உங்கள் பழைய கோப்பே உங்களுக்கு எதிரான சாட்சி. வரிசையில் நிற்க, படிவம் நிரப்ப, மொழிபெயர்க்க ஏஜென்ட் வைத்துக்கொள்வதில் தப்பில்லை, நிறையப் பேர் செய்கிறார்கள். பணமே இல்லாமல் பணம் இருந்ததாகக் காட்டுவது வேறு விஷயம். பணம் இல்லாதவர்கள் அந்த வழியில் போவது எனக்குப் புரிகிறது. உங்களிடம் பணம் இருக்கிறது.

அதேபோல, நண்பரின் சாப்பாட்டுக் கடையில் வாரம் இரண்டு நாள் "சம்பளம் இல்லாமல் கணக்குப் பார்த்துக் கொடுக்கலாம்" என்ற யோசனையும் வேண்டாம். ஓய்வு அடிப்படையில் இருப்பவருக்கு வேலை அனுமதி கிடையாது, சம்பளம் வாங்கவில்லை என்பது தப்பிக்கும் வழியும் இல்லை. அனுமதியில்லாமல் வேலை பார்த்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடுகடத்தல். கல்லாவில் உட்கார்ந்த ஒரு போட்டோ போதும்.

நீங்கள் கேட்காத மருத்துவம்

கடிதத்தில் இல்லாத கேள்வி, ஆனால் உங்கள் நிலைமையில் இதுதான் விசாவைவிடப் பெரியது. 22 வருடமும் சம்பளத்தில் சமூகப் பாதுகாப்புச் சந்தா பிடித்திருப்பார்கள், ஸ்டென்ட் வைத்ததே அந்த அட்டையில்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை முடிந்ததும் அது போய்விடும் என்று எடுத்துக்கொண்டீர்கள். போகாமல் பார்த்துக்கொள்ளலாம். வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவில் நீங்களாகச் சேர்ந்தால், மாதம் 432 பாட் கட்டி அதே மருத்துவமனையில் தொடரலாம். பழைய நோயைக் கேட்பதில்லை. தொடர்ந்து மூன்று மாதம் கட்டத் தவறினால் உறுப்பினர் தகுதி போய்விடும், வங்கியில் தானாகக் கழிக்கச் சொல்லிவிடுங்கள்.

இதில் ஒரு சிக்கல். 180 மாதத்துக்கு மேல் கட்டியவர் என்பதால் உங்களுக்கு முதியோர் ஓய்வூதியமும் உண்டு. 2025 வரை இருந்த 15,000 பாட் சம்பள உச்சவரம்பில், முதல் 15 வருடத்துக்கு 20 சதவீதம், அதற்கு மேல் வருடத்துக்கு ஒன்றரை சதவீதம் என்ற கணக்கில் மாதம் 4,575 பாட் அளவில் வருகிறது. ஆனால் ஓய்வூதியம் வாங்க ஆரம்பித்தால் 39-வது பிரிவு முடிந்துவிடும். 39-ல் இருந்துகொண்டே போனாலோ, கடைசி 60 மாதச் சராசரியைப் பார்க்கும் பழைய முறைப்படி, அந்தப் பிரிவில் சம்பளமாக எடுத்துக்கொள்ளும் 4,800 பாட் என்ற சின்னத் தொகை புகுந்து பின்னால் வரும் ஓய்வூதியத்தைக் குறைக்கும். இந்தக் கணக்கு நியாயமில்லை என்று அங்கேயே பல வருடமாகப் பேச்சு இருக்கிறது. சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தில் உங்கள் பெயருக்கு இரண்டு கணக்கையும் போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். இதயத்தில் ஸ்டென்ட் இருக்கும் ஒருவர் 4,575-ஐ விட்டுவிட்டு மருத்துவத்தைப் பிடித்துக்கொள்வதே என் யோசனை. வெளியே ஒரே ஒரு ஆஞ்சியோ பத்து மாத ஓய்வூதியத்தைத் தின்றுவிடும்.

இது உங்களுக்கு மட்டும். மனைவிக்கு இதில் ஒன்றும் இல்லை. அவருடைய இந்திய பாலிசியை விடாமல் கட்டிக்கொண்டிருங்கள், பெரிய சிகிச்சை என்றால் மதுரைதான் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மனைவியின் விசா

நீங்கள் ஓய்வு நீட்டிப்பு வாங்கிய பிறகு, மனைவி உங்களைச் சார்ந்தவர் என்ற அடிப்படையில் வரலாம், அவருக்குத் தனியாகப் பணம் காட்ட வேண்டியதில்லை. ஆனால் திருமணச் சான்று வேண்டும். 1992-ல் கல்யாண மண்டபத்தில் நடந்தது, பதிவு செய்யவில்லை, பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இருக்கிறதே போதாதா என்கிறீர்கள். போதாது. அடுத்த லீவில் வரும்போது கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, வயது, முகவரிச் சான்றுகள், சாட்சிகளோடு இருவரும் சார்பதிவாளர் அலுவலகம் போய் இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் பதிந்துவிடுங்கள், எத்தனை வருடம் ஆனாலும் பதியலாம். அந்தச் சான்றுக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், சென்னையில் உள்ள தாய்த் துணைத் தூதரகம் என்று வரிசையாக முத்திரை, அப்புறம் பாங்காக்கில் தாய் மொழிபெயர்ப்புக்கும் ஒரு முத்திரை. மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

சார்ந்தவர் விசாவில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. சில வருடத்துக்கு முன் ஓர் அம்மா என்னிடம் வந்தார். கணவர் அங்கே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். ஒன்பது லட்சம் பாட் அவர் பெயரில் வங்கியில் இருந்தது, விசாவுக்காக வைத்தது. அம்மாவின் பர்ஸில் இருந்தது எண்ணூறு பாட். ஏ.டி.எம். கார்டு அலமாரியில் இருந்தது, ரகசிய எண் தெரியாது, தெரிந்தாலும் அதை அவர் தொடுவது சட்டப்படி சரியில்லை. இறப்பைச் சொன்னதும் வங்கி கணக்கை நிறுத்தியது. நீதிமன்றம் நிர்வாகியை நியமித்துப் பணம் வர ஏழு மாதம். அவர் தங்கியிருந்ததோ கணவரைச் சார்ந்தவர் என்ற அடிப்படையில், அடுத்த நீட்டிப்புக்கு அந்த அடிப்படையே இல்லை. தகனச் செலவைக் குடியிருப்பில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் வசூலித்துக் கொடுத்தன.

விசாப் பணத்துக்குக் கூட்டுக் கணக்கைப் பொதுவாக ஏற்பதில்லை என்பதால் இதற்குக் குறுக்கு வழி இல்லை. செய்ய முடிந்தது மூன்று. முதல் வருடம் அவர் சார்ந்தவராகவே வரட்டும். வந்ததும் அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, அதில் ஆறு மாதச் செலவு. இரண்டாவது, தாய் மொழியில் ஒரு பக்க உயில், தேதியும் இரண்டு சாட்சிக் கையெழுத்தும் போதும். தாய்லாந்தில் உள்ளதற்கு மட்டும் என்று அதில் இருக்கட்டும், ஊர்ச் சொத்துக்கு வேறு உயில். மூன்றாவது, ஈட்டுத்தொகை வந்ததும் எட்டு லட்சத்தை அவர் கணக்கில் போட்டு, இரண்டாம் வருடம் அவரையும் சொந்தக் காலில் ஓய்வு நீட்டிப்புக்கு மாற்றுங்கள். அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, தகுதி இருக்கிறது. பதினாறு லட்சம் எதற்கு என்று கேட்டிருந்தால் இதற்குத்தான் என்பேன்.

சின்னச் சின்ன வேலைகள் உங்களுக்கே தெரியும், இத்தனை நாள் கம்பெனி பார்த்துக்கொண்டது, இனி நீங்கள் பார்க்க வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை முகவரி அறிக்கை. வெளிநாட்டவர் குடியிருக்கிறார் என்று வீட்டுக்காரர் குடிவரவு அலுவலகத்துக்குத் தரவேண்டிய டிஎம் 30 பதிவு, அவர் மறந்தால் நீட்டிப்பின்போது நீங்கள்தான் கவுண்டரில் நிற்பீர்கள். ஊருக்குப் போகும் முன் மறுநுழைவு அனுமதி, ஒருமுறைக்கு 1,000, பலமுறைக்கு 3,800 பாட். அது வாங்காமல் பங்குனிப் பொங்கலுக்கு விமானம் ஏறினால், சாமி கும்பிட்டுத் திரும்பும்போது வருட அனுமதி செத்திருக்கும், எல்லாம் முதலிலிருந்து.

கடைசியாக ஒன்று. நாலு பக்கக் கடிதத்தில் மனைவியின் வயது இருக்கிறது, சர்க்கரை அளவு இருக்கிறது, மலேசியா பற்றி அவர் சொன்னது இருக்கிறது. தாய்லாந்துக்கு வர அவருக்கு இஷ்டமா என்பது இல்லை. மலேசியா என்று அவர் சொன்னதையே நான் வேறு மாதிரி படிக்கிறேன், பேச ஆள் இருக்குமா என்று கேட்கிறார் போல. 22 வருடம் அந்த வீட்டை, அந்தத் தெருவைக் கட்டி ஆண்டவர். சென்னைத் துணைத் தூதரகம் வழியாக முதலில் கிடைப்பது 90 நாள் விசாதான். அந்தத் தொண்ணூறு நாள் வந்து இருந்து பார்க்கட்டும், நீங்கள் இல்லாத பகலில் தனியாகச் சந்தைக்குப் போய்வரட்டும். வீட்டை விற்கும் பேச்சை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். மாடி வாடகைதாரரையும் அதுவரை காலி செய்யச் சொல்ல வேண்டாம்.

ஓய்வுக் கடிதத்துக்கு எச்.ஆர். என்ன பதில் சொல்கிறது என்று எழுதுங்கள். அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினால், தாய் வழக்கறிஞரிடம் படித்துக் கேட்டுச் சொல்கிறேன்.